சாகாத மந்திரவாதிக்கு வீடு கட்டுவது எப்படி?

ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு கிளி. கிளிக்குள் மந்திரவாதியின் உயிர். சின்ன வயசுல இந்தக் கதையை ஏதாவது ஒரு வடிவத்துல கேட்காதவங்க நம்ம ஊர்ல குறைவு. 1868-ல் மேரி ஃப்ரியர் வெளியிட்ட 'ஓல்ட் டெக்கான் டேய்ஸ்' தொகுப்பில் இது பன்ச்கின் என்ற மந்திரவாதியின் கதையாக வருகிறது. அடர்ந்த காட்டின் நடுவே வட்டமாகப் பனைமரங்கள், அவற்றின் மத்தியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு தண்ணீர்ச் சட்டிகள், கடைசிச் சட்டிக்கு அடியில் பச்சைக்கிளியின் கூண்டு. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பூதங்கள் காவல். ரஷ்யக் கதையில் வரும் கோஷ்சேய் இன்னும் ஒரு படி மேல: தீவு, ஓக் மரம், அடியில் பெட்டி, பெட்டிக்குள் முயல், முயலுக்குள் வாத்து, வாத்துக்குள் முட்டை, முட்டைக்குள் ஊசி. ஊசிமுனையில்தான் உயிர்.

எல்லாக் கதையிலும் காவல் பலமாத்தான் இருக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்ச எந்த வடிவத்திலும் பதில் இல்லாத கேள்வி ஒண்ணு உண்டு. அந்தக் கிளிக்கு தினமும் யார் தீனி வெச்சாங்க?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்களுக்கு இது வெறும் குசும்புக் கேள்வி இல்லை. ஒரு சாகாத மந்திரவாதியின் இருப்பிடத்தை வடிவமைக்க உட்கார்ந்தால், முழு வரைபடமும் இந்த ஒரு கேள்வியிலிருந்து வந்துவிடும் என்பது என் கட்சி.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட மேசை விளையாட்டு இது. நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவார்கள். டஞ்சன் மாஸ்டர் என்று ஒருவர் உலகத்தையும் எதிரிகளையும் நடத்துவார். ஜெயிப்பு தோல்வியைப் பகடையும் விதிப்புத்தகமும் முடிவு செய்யும். ஒரே கதையை வாரம் ஒரு நாள் என்று ஒன்றிரண்டு வருஷம் இழுப்பது சாதாரணம். அப்படி இழுத்த கதையின் கடைசி எதிரியாக அடிக்கடி வந்து நிற்பவர்தான் 'லிச்'. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பிணம் என்று பொருள். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் சவப்பெட்டியை இறக்கி வைத்துப் பாதிரியாருக்காகக் காத்திருக்கும் கூரை போட்ட வாசலுக்கு இன்றும் 'லிச் கேட்' என்றுதான் பெயர்.

டி அண்ட் டியில் லிச் முதலில் தலைகாட்டியது 1975-ல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூலில். சாவை ஏமாற்ற, தன் உயிரைத் தானே ஒரு பேழைக்குள் பூட்டிவைத்த மந்திரவாதி. உடம்பை எத்தனை முறை வெட்டினாலும் பேழை இருக்கும்வரை திரும்பி வருவார். பேழைக்குப் பல பதிப்புகளாக 'ஃபைலாக்டரி' என்றே பெயர். யூதர்கள் தொழுகையின்போது கட்டிக்கொள்ளும் தோல் பெட்டிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். 2025-ல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலில் அது 'ஸ்பிரிட் ஜார்' ஆகிவிட்டது. நான் இங்கே பேழை என்றே எழுதுகிறேன். விதிகளுக்கு 2014 பதிப்பை எடுத்துக்கொள்கிறேன், பலர் கையில் இருப்பது அதுதான்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

வழக்கமா என்ன நடக்கும்? ஒரு மலைக்கு அடியில் இருபது அறை வரைவோம். முதல் அறையில் எலும்புக்கூடு, ரெண்டாவதில் ஈட்டிப் பொறி, கடைசி அறையில் சிம்மாசனம், அதில் அய்யா உட்கார்ந்திருப்பார். எதுக்காக அங்கே உட்கார்ந்திருக்கார்? ஆட்டக்காரர்கள் வருவதற்காக. வேற வேலை எதுவும் அவருக்கு இல்லை. அங்கதான் வீடு பொய்யாகிறது.

விதிப்படி லிச்சுக்குக் காற்று, சாப்பாடு, தண்ணீர், தூக்கம் எதுவும் வேண்டாம். விஷமும் ஏறாது. அப்போ சமையலறை, கிணறு, கழிப்பறை, சன்னல், புகைபோக்கி எல்லாம் வரைபடத்திலிருந்து போய்விடும். ஒரு தாழ்வாரம் முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருக்கலாம், அவருக்குக் கவலையில்லை. கதவே இல்லாத அறைகூட இருக்கலாம். 'டைமென்ஷன் டோர்' என்ற மந்திரம் அவரை 500 அடி தூரத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் சுவர் தாண்டிக் கொண்டுபோய் விடும். உயிருள்ளவன் கட்டும் கோட்டைக்கும் இதுக்கும் முதல் வித்தியாசம் இது. இதை வைத்தே ஆட்டக்காரர்களுக்கு ஒரு நடுக்கம் கொடுக்கலாம். மேல்தளத்தில் அடுப்பும் கட்டிலும் இருக்கும். படியிறங்கினால் ஒரு இடத்துக்குப் பிறகு விளக்கு மாடம்கூட இருக்காது. "இங்க யாரோ இருக்காங்க, ஆனா மனுஷங்க இல்லை" என்று நாம் சொல்லவே வேண்டாம்.

இனி அவருக்கு என்ன வேணும் என்று பார்க்கலாம். இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது.

எலும்புக்கூட்டுப் படையை எடுத்துக்கொள்ளுங்கள். 'அனிமேட் டெட்' மந்திரத்தால் எழுப்பிய பிணம் 24 மணி நேரம்தான் சொன்ன பேச்சு கேட்கும். அதற்குள் மறுபடி மந்திரம் போட்டுக் கட்டுப்பாட்டைப் புதுப்பிக்க வேண்டும். மூன்றாம் நிலை ஸ்லாட் ஒன்றுக்கு நாலு பிணம், அதற்கு மேல் ஒவ்வொரு நிலைக்கும் ரெண்டு கூடுதல். ஸ்லாட் என்பது ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்ற மந்திர இருப்பு. புத்தகத்து லிச் 18-ஆம் நிலை மந்திரவாதி. அவரிடம் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நிலைகளில் தலா மூன்று ஸ்லாட், ஆறு முதல் ஒன்பது வரை தலா ஒன்று. கூட்டிப் பாருங்கள்: 12, 18, 24, பிறகு 10, 12, 14, 16. மொத்தம் 106. இந்த மந்திரத்தை மட்டும் நம்பினால் அவரால் கட்டி மேய்க்க முடிந்தது அதிகபட்சம் 106 எலும்புக்கூடு. அதுவும் கையில் ஒரு உருப்படியான ஸ்லாட்கூட மிச்சமில்லாமல். அன்னைக்கு யாராவது கதவைத் தட்டினால் ஐயா மாட்டினார்.

அதோட இந்த மந்திரத்தின் எல்லை வெறும் 10 அடி. அதாவது தினமும் ஒவ்வொரு கும்பலுக்கும் பக்கத்தில் போய் ஒரு நிமிஷம் நின்று ஓத வேண்டும். அலுவலகத்தில் காலை ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடத்தும் மேலாளர் நிலைமைதான். புத்தி உள்ள லிச் இதைச் செய்ய மாட்டார். நூலகத்தை ஒட்டிய அறையில் எட்டுப் பேரை மட்டும் கட்டுப்பாட்டில் வைப்பார். மற்றதையெல்லாம் எழுப்பி, கட்டுப்பாடு காலாவதியாக விட்டு, குழிகளில் பூட்டிவைப்பார். கட்டுப்பாடு போன எலும்புக்கூடு உயிருள்ளதைக் கண்டால் பாயும், அவரைச் சீண்டாது. பராமரிப்புச் செலவே இல்லாத பொறி. வரைபடத்தில் இது எப்படித் தெரியும் என்றால், காவலறை வாசலில் இருக்காது, நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வாசலில் வெறும் குழிகள். இந்த ஒரு மாற்றத்திலேயே 'மாதிரி டஞ்சன்' போய், யாரோ யோசித்துக் கட்டிய இடம் வந்துவிடுகிறது.

அடுத்தது தீனி. பேழைக்குள் இருக்கும் மந்திரம் தானாக ஓடாது. அவ்வப்போது ஒரு உயிரை அதற்குக் கொடுக்க வேண்டும். 'இம்ப்ரிசன்மென்ட்' என்ற ஒன்பதாம் நிலை மந்திரத்தால் ஒரு ஆளை உடம்போடு பேழைக்குள் அடைத்தால், 24 மணி நேரத்தில் அந்த ஆள் முற்றிலும் இல்லாமல் போவார். உடம்பு, ஆன்மா ரெண்டும். தவறினால் லிச்சின் உடல் உதிர ஆரம்பிக்கும். 'அவ்வப்போது' என்றால் எத்தனை நாள் என்று புத்தகம் சொல்லவில்லை, அது நம் முடிவு.

இதிலிருந்து ரெண்டு விஷயம் கிடைக்கிறது.

முதலாவது, கைதிகள். லிச்சுக்குச் சோறு வேண்டாம், பேழைக்குப் போக இருப்பவருக்கு வேண்டும். காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும், குளிர்காலத்தில் கம்பளி வேண்டும். அப்போ உலகத்திலேயே யாருக்கும் தெரியாத அந்த இடத்துக்கு மாசாமாசம் தானிய மூட்டை போய்க்கொண்டிருக்கிறது. யாரோ வண்டி ஓட்டுகிறார்கள், யாரோ பணம் வாங்குகிறார்கள். கிளிக்குத் தீனி வைக்கும் ஆள் கிடைத்துவிட்டார். ஏழு கடல் தாண்டத் தேவையில்லை, அந்த வண்டியின் பின்னால் நடந்தால் போதும்.

ரெண்டாவது இன்னும் அழகு. ஒன்பதாம் நிலை ஸ்லாட் அவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. அதே ஸ்லாட்டில்தான் 'பவர் வேர்ட் கில்' என்ற, ஒரே சொல்லில் ஆளைச் சாய்க்கும் மந்திரமும் இருக்கிறது. தன் இருப்பிடத்தில் சண்டை நடக்கும்போது லிச் ஒரு எட்டு முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோ அதற்குக் கீழோ உள்ள நிலையில் ஒரு ஸ்லாட்டைத் திரும்பப் பெறலாம். எட்டு முகம்தான், ஒன்பது விழ வழியில்லை. ஆக, தீனி போட்ட அன்று அவரிடம் கொல்லும் சொல் கிடையாது. எந்த நாளில் தீனி போடுகிறார் என்று கண்டுபிடிக்கும் ஆட்டக்காரர்களுக்கு ஒரு நாள் சாளரம் திறக்கிறது. ஆனா அந்தச் சாளரத்தின் விலை ஒரு கைதி. அவரை விட்டுக்கொடுத்துவிட்டுப் போவதா, அல்லது முந்தின நாளே போய்க் கொல்லும் சொல்லோடு மோதுவதா? 24 மணி நேரத்துக்குள் பேழையை எட்டி, ஒன்பதாம் நிலையில் 'டிஸ்பெல் மேஜிக்' போட்டால் அடைபட்டவரை மீட்கலாம் என்றும் விதி இருக்கிறது. மேசையில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் ஓடும், நாம் டீ குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கலாம். (புத்தகத்தில் லிச்சுக்குக் கொடுத்துள்ள மந்திரப் பட்டியலில் இம்ப்ரிசன்மென்ட்டே கிடையாது. எழுதியவர்களே தீனியை மறந்துட்டாங்க போல. நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.)

பேழையை எங்கே வைப்பது? லிச் அழிந்தால் பத்து முகப் பகடை ஒன்றை உருட்டி, அத்தனை நாளில் பேழைக்கு 5 அடிக்குள் புது உடம்பு வரும். சராசரி ஐந்தரை நாள். சர்வர் விழுந்தால் எவ்வளவு நேரத்தில் எழும் என்று எங்கள் தொழிலில் கேட்பதுபோலத்தான். கடலடியில் புதைத்தால் பத்திரம்தான். ஆனால் புது உடம்பு எந்தப் பொருளும் இல்லாமல் வரும். வேறு உலகத்துக்குத் தாவும் 'பிளேன் ஷிஃப்ட்' மந்திரத்துக்கு 250 பொன் பெறுமான உலோகக் கவை வேண்டும். மந்திரப் புத்தகம் வேண்டும். அதனால் பேழை பக்கத்திலேயே மாற்றுப் புத்தகம், மாற்றுக் கவை, மாற்று உடை என்று ஒரு முழு பேக்கப் அறை இருந்தாக வேண்டும். தீனிக்கு நேரில் போக வேண்டியதில்லை, பேழையும் அவரும் ஒரே உலகத்தில் இருந்தால் போதும். ஆனா அந்த அறையின் கூரை ஒழுகாமல் இருக்கணும். புத்தகம் நனையக் கூடாது. எலி அரிக்கக் கூடாது. எவ்வளவு தூரமாக வைக்கிறாரோ, அவ்வளவுக்கு அதைப் பார்த்துக்கொள்ள வேறொருவரை நம்ப வேண்டியிருக்கும். இந்த இழுபறியை அவர் எப்படித் தீர்த்தார் என்பதில்தான் அவர் குணம் தெரியும்.

இந்த இடத்தில் கைகாக்ஸின் 'டோம்ப் ஆஃப் ஹாரர்ஸ்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1975-ல் ஆரிஜின்ஸ் மாநாட்டின் போட்டிக்காக எழுதி, 1978-ல் அச்சில் வந்தது. அசெரெராக் என்ற லிச்சின் கல்லறை. ரெண்டு பொய் வாசல், ஒரு உண்மை வாசல். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு அரக்க முகம், வாய் திறந்து இருட்டாக. அதற்குள் நுழைந்தவர் அவ்வளவுதான், பகடைக்கே வேலையில்லை. போட்டிக்கு அது சரி. அன்னைக்கு ஒரு மதியம் கையில் கொடுத்த பாத்திரம், செத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ரெண்டு வருஷம் வளர்த்து, ஊர் பேர் அண்ணன் தம்பி எல்லாம் எழுதி வைத்திருக்கும் பாத்திரத்தை அந்த வாய்க்குள் அனுப்புவது வேறு விஷயம். அதை ஒரு வீடு என்று எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை, அது தேர்வு மண்டபம். 1998-ல் 'ரிட்டர்ன் டு த டோம்ப் ஆஃப் ஹாரர்ஸ்' எழுதிய புரூஸ் கார்டெலுக்கும் இந்த நெருடல் இருந்திருக்க வேண்டும். வலுவான ஆன்மாக்களைச் சலித்து எடுக்கத்தான் அந்தப் பொறிகள் என்று அதில் ஒரு காரணம் வந்தது. தீனிதான், பாருங்க.

பொறியில் ஆள் சாகலாம். ஆனால் ஏன் செத்தோம் என்று செத்தவருக்குப் புரிய வேண்டும். ஜஸ்டின் அலெக்சாண்டர் சொல்லும் மூன்று தடய விதி இதுக்கு உதவும். ஆட்டக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தே ஆகணும் என்றால் குறைந்தது மூன்று தடயம் வையுங்கள். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு வீடு கட்டிப் பார்க்கிறேன்.

பனி மூடிய கணவாய். அதன் உச்சியில் வழிப்போக்கர்களுக்கான ஒரு சத்திரம். இலவசச் சோறு, இலவசப் படுக்கை, காய்ச்சல் வந்தால் மருந்து. கணவாயில் பனிச்சரிவு அடிக்கடி வரும், ஆட்கள் காணாமல் போவது சகஜம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆண்டுக்கு நானூறு பேர் வந்து தங்கிப் போகிறார்கள். நாலு பேர் மட்டும் போவதில்லை. தனியாக வந்தவர்கள், தேட ஆளில்லாதவர்கள். சத்திரத்தில் வேலை பார்ப்பவர்கள் உயிருள்ள, நல்ல மனுஷர்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது, சமையல்காரம்மாவைத் தவிர. அந்தம்மாவுக்கும் தெரியாது, சந்தேகம் மட்டும்தான். தினமும் கழுவும் தட்டை எண்ணுகிறவர் அவர்.

தடயங்கள்? கொட்டிலில் யாரும் திரும்பக் கேட்காத கோவேறு கழுதைகள். இருக்கும் ஆட்களுக்குத் தேவையானதைவிட எப்போதும் ரெண்டு மூட்டை கூடுதலாக வாங்கப்படும் தானியம். இருநூறு வருஷக் கணக்குப் புத்தகங்கள் அத்தனையிலும் ஒரே கையெழுத்து. இந்த மூன்றில் கடைசியை நான் ரொம்ப ரசிக்கிறேன், ஏன்னா அது அவரோட அகம்பாவம். கணக்கை இன்னொருத்தரிடம் கொடுக்க அவருக்கு மனசு வராது.

சத்திரத்துக்குக் கீழே குழிகள், அதற்கும் கீழே நூலகம். நூலகத்தின் நடுவே 100 அடி நீளக் கூடம், தரை கிண்ணம்போலப் பள்ளம். சும்மா அழகுக்கு இல்லை. 'கிளவுட்கில்' என்ற விஷப்புகை காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தைத் தேடி இறங்கும். ஆட்டக்காரர்கள் பள்ளத்தில் நிற்பார்கள். விஷம் ஏறாத இவர் மேல்விளிம்பில் நிற்பார், 60 அடிக்கு அப்பால். 'கவுன்டர்ஸ்பெல்' போட்டு அவர் மந்திரத்தைத் தடுக்க 60 அடிக்குள் வந்தாக வேண்டும், வருவதற்கு அந்தப் பள்ளத்தைக் கடக்க வேண்டும். நேரே பக்கத்தில் போய்விட்டால் 135 உயிர்ப்புள்ளி அவ்வளவு பெரிய விஷயமில்லை, நாலு பேர் சேர்ந்தால் ரெண்டு மூன்று சுற்றில் சாய்த்துவிடலாம். வீடுதான் அவருடைய கவசம். இன்னொன்று: தன் இருப்பிடத்தில் செத்தவர்களின் ஆவியை எழுப்பி ஏவும் சக்தியும் அவருக்கு உண்டு. பேழைக்குள் போனவர்கள் வர மாட்டார்கள், அவர்கள் முற்றாக அழிந்தவர்கள். அதற்கு முன்பே கொட்டடியில் குளிரில் செத்தவர்கள் வருவார்கள். சத்திரத்தில் தங்களோடு சாப்பிட்ட ஒருத்தரின் முகத்தை ஆட்டக்காரர்கள் அங்கே பார்க்கட்டும்.

பேழை இங்கே இல்லை. கணவாயின் அந்தப் பக்கம், ஒரு நாள் நடையில், ஒரு கிராமத்துக் கோயிலின் நிலவறைக் கல்லறையில், ஐம்பது சவப்பெட்டிகளில் ஒன்றில். பிணத்தை ஒளிக்கப் பிணங்களுக்கு நடுவில் வைப்பதைவிட நல்ல இடம் எது? புது உடம்பு வந்தாலும் இருட்டில் இன்னொரு சவமாகவே கிடக்கும், ராத்திரி எழுந்து போகும். அந்தக் கோயில் கூரையைச் செப்பனிட வருஷாவருஷம் சத்திரத்திலிருந்து நன்கொடை போகிறது, அதே கையெழுத்தில், இருநூறு வருஷமாக ஒரு தடவைகூடத் தவறாமல். லிச்சைக் கொன்றபின் ஆட்டக்காரர்களுக்கு இருப்பது ஒன்றிலிருந்து பத்து நாள். எத்தனை என்று பகடையைத் திரைக்குப் பின்னால் உருட்டி வைத்துக்கொள்ளுங்கள், சொல்ல வேண்டாம்.

ஒரு சிக்கலை மட்டும் நான் தீர்க்காமல் விடுவேன். சத்திரத்தை நடத்தும் பணம் அவருடையது. அவர் ஒழிந்தால் அடுத்த பனிக்காலத்தில் அடுப்பு எரியாது, கணவாயில் நானூறு பேர் வெளியில் படுப்பார்கள். அதில் நாலு பேரைவிட நிச்சயம் அதிகம் சாவார்கள். அவரும் இதைச் சொல்லுவார், கெஞ்சலாக இல்லை, கணக்காக. ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று நீங்கள் முன்கூட்டியே எழுதிவைக்கத் தேவையில்லை. சமையல்காரம்மாவிடம் சாவியைக் கொடுப்பவர்கள் இருப்பார்கள், நூலகத்துப் புத்தகங்களை விற்றுச் சத்திரத்துக்கு எழுதிவைப்பவர்கள் இருப்பார்கள், எதுவும் சொல்லாமல் இறங்கிப் போகிறவர்களும் உண்டு.

வரைபடத்தைச் சுமாராகக் கிறுக்கினால் போதும். அந்தக் கணக்குப் புத்தகத்தின் மூன்று பக்கத்தை மட்டும் நிஜமாகவே ஒரே கையால் எழுதி, மூன்று வேறு நூற்றாண்டுத் தேதி போட்டு, மேசையில் வையுங்கள். தானியம், விறகு, கம்பளி, மருந்து, கூரை நன்கொடை என்று வரிசையாக இருக்கட்டும். யார் முதலில் எழுத்தைக் கவனிக்கிறார்கள் என்று பாருங்கள்.